நீர்நாய் வழக்கும் காப்பார்ப் புல்லும்

(மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள காப்பாரில் தமிழ்ப்பள்ளிப் பெற்றோரும் ஆசிரியரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சின்னச் செயல் பெரிய விளைவைக் கொண்டுவரும் என்பதைச் சொல்லும் சிறுவர் கதை ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுங்கள் என்றார்கள். தலைப்பைக் கேட்ட உடனேயே ஒரு நீதி நம் வாயில் வந்து நின்றுவிடும். சின்னத் தப்புதானே என்று இருந்துவிடாதே, அது உன்னைப் பெரிய வம்பில் கொண்டுபோய் மாட்டிவிடும் என்பதுதான் அது. வீட்டில் சொல்கிறோம், வகுப்பில் சொல்கிறோம். மேற்கோளுக்கு வள்ளுவரையும் துணைக்கு அழைத்துக்கொள்கிறோம். மயிலிறகு ஏற்றிய வண்டிக்கும் அச்சு முறியும் என்றாரே, பார்த்தாயா என்கிறோம்.

அந்தக் குறளைச் சற்று நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஓர் இறகு அச்சை முறித்துவிட்டது என்று அவர் சொல்லவே இல்லை. அளவு தெரியாமல் மேலும் மேலும் ஏற்றினார்களே, அதைத்தான் சொல்கிறார். முறிந்த அச்சுக்குப் பின்னால் ஏற்றிய கைகள் இருக்கின்றன.

நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். சின்னச் செயல் தானாகப் பெரிதாவதில்லை. ஒருவர் செய்ததை அடுத்தவர் வாங்கி, அதற்கடுத்தவருக்குக் கொடுத்து, அப்படிப் பல கை மாறித்தான் பெரிதாகிறது. முதலில் தொடங்கியவரையும் கடைசியில் அடிபட்டவரையும் ஊர் நினைவில் வைத்திருக்கும். நடுவில் நின்று கை மாற்றியவர்களை மறந்துவிடும். மறக்காமல் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைப்பவை, ஒருவரைத் தொட்டு அடுத்தவர் என்று சங்கிலியாக நீளும் குழந்தைகளின் தொடர்கதைகள். அதனால்தான் அவை பெரியவர்களுக்கும் வேண்டியவை என்கிறேன்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். இது நம் சிலாங்கூர் மாநிலத்தோடு தொடர்புள்ள கதை. வால்டர் ஸ்கீட் என்ற ஆங்கிலேயர் 1890-களில் சிலாங்கூர் அரசுப் பணியில் இருந்தார். கோல லங்காட் வட்டாரத்தில் வேலை பார்த்தவர். மலாய் மக்களின் நம்பிக்கைகளையும் கதைகளையும் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார். 1901-இல் அவர் வெளியிட்ட நாட்டுக்கதைத் தொகுப்பில் இந்தக் கதை இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த சாங் கஞ்சில், அதாவது சருகுமான், இதிலும் வருகிறது.

ஆற்றங்கரையில் ஒரு நீர்நாய் தன் குட்டிகளோடு இருந்தது. மீன் பிடிக்கப் போகவேண்டும், குட்டிகளைத் தனியே விட்டுப் போக மனம் வரவில்லை. பக்கத்தில் இருந்த சருகுமானைக் கூப்பிட்டு, "தம்பி, நான் வரும்வரைக்கும் பிள்ளைகளைக் கொஞ்சம் பார்த்துக்கொள். கிடைக்கிற மீனில் உனக்கும் பங்கு உண்டு" என்றது. "அதற்கென்ன அண்ணே, நிம்மதியாகப் போய் வா" என்றது சருகுமான். சருகுமான் மீன் தின்னுமா என்று யாரும் கேட்கக் கூடாது. கதையில் தின்னும்.

நீர்நாய் மீன்கோவையோடு திரும்பி வந்து பார்த்தால், குட்டிகள் நசுங்கிச் செத்துக் கிடக்கின்றன. "தம்பி, என்னடா இது?" என்று அலறியது. சருகுமான் சொன்னது: "மரங்கொத்தி போர்முரசு கொட்டிவிட்டது அண்ணே. நான் போர்க்கூத்தில் தலைமை ஆட்டக்காரன். முரசு கேட்டால் என் கால் நிற்குமா? ஆடினேன். ஆட்டத்தில் பிள்ளைகள் கிடந்ததை மறந்து மிதித்துவிட்டேன்."

நீர்நாய் நேரே சுலைமான் அரசரிடம் போய் முறையிட்டது. பறவை, விலங்கு எல்லாவற்றுக்கும் அவர்தான் நீதி வழங்குபவர். அரசர் சருகுமானை விசாரித்தார். அது மரங்கொத்தியைக் காட்டியது. மரங்கொத்தியைக் கூப்பிட்டு, "நீ ஏன் முரசு கொட்டினாய்?" என்றார். "அரசே, உடும்பு வாளைக் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன், கொட்டினேன்." உடும்பு வந்தது. "ஆமை கவசம் பூண்டு நிற்பதைப் பார்த்தேன், வாளைக் கட்டினேன்." ஆமை வந்தது. "பெலங்காஸ், அதாவது குதிரைலாட நண்டு, மூன்று பட்டை ஈட்டியை இழுத்துக்கொண்டு போனது, கவசம் பூண்டேன்." பெலங்காஸ் வந்தது. "இறால் வேலைத் தோளில் ஏந்தியதைப் பார்த்தேன், ஈட்டியை எடுத்தேன்." கடைசியில் இறால் வந்தது. "நீ ஏனப்பா வேலை ஏந்தினாய்?" "அரசே, இந்த நீர்நாய் என் பிள்ளைகளைத் தின்ன ஆற்றில் இறங்கி வந்தது. அதனால்தான் ஏந்தினேன்."

அரசர் நீர்நாயைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியானால் உன் பிள்ளைகள் செத்ததற்குக் காரணம் நீதான். சருகுமான்மேல் குற்றம் இல்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கதை முடிந்தது. இதைக் கேட்டதும் பெரியவர்கள் தலையாட்டுவார்கள். தன் வினை தன்னைச் சுடும் என்று நீதியை முடித்து வைப்பார்கள். எனக்கோ இந்தத் தீர்ப்பு அரைத் தீர்ப்பாகத்தான் படுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

அந்த ஆயுதங்கள் என்னென்ன என்று பாருங்கள். உடும்பின் வாள் அதன் வால். ஆமையின் கவசம் அதன் ஓடு. பெலங்காஸின் ஈட்டி அதன் நீண்ட வால்முள். நம் கடற்கரைச் சேற்றில் பெலங்காஸைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவற்றில் ஒரு வகைக்கு அந்த வால் உண்மையிலேயே மூன்று பட்டையாகத்தான் இருக்கும். இறாலின் வேல் அதன் தலைமுள். மரங்கொத்தியின் முரசு அது அன்றாடம் மரத்தைத் தட்டும் ஓசை. ஒருவரும் புதிதாக ஆயுதம் வாங்கி வரவில்லை. பிறக்கும்போதே உடம்பில் இருந்ததுதான். நேற்றுவரை பக்கத்து வீட்டுக்காரனின் வாலாக இருந்தது, பயம் வந்ததும் இன்று வாளாகத் தெரிகிறது. கதையைச் சொன்ன பெயர் தெரியாத அந்தக் கிழவனோ கிழவியோ எவ்வளவு நுட்பமாக மனித மனத்தைப் படித்திருக்க வேண்டும்!

இன்னொன்றையும் பாருங்கள். இறாலுக்கு ஒரு நியாயம் இருந்தது. அதன் பிள்ளைகளுக்கு ஆபத்து. பெலங்காஸுக்கு என்ன ஆபத்து? ஆமையை யார் விரட்டினார்கள்? உடும்பும் மரங்கொத்தியும் நீர்நாயைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. முன்னால் நிற்பவனைப் பார்த்துத் தானும் அப்படியே செய்தார்கள், அவ்வளவுதான். அவர்களில் ஒருவர், ஒரே ஒருவர், "என்னப்பா விஷயம்?" என்று வாய்திறந்து கேட்டிருந்தால் முரசு ஒலித்திருக்காது. அரசர் இறாலிடம் வந்து சேர்ந்ததும் இந்த நால்வரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சருகுமானையும் விட்டுவிட்டார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் முரசு கேட்டு ஆடப் போகலாமா? அந்தக் கேள்வி மன்றத்தில் எழவே இல்லை.

ஆனால் அரசர் விட்டுவிட்டாலும் கதை விடவில்லை. இதுதான் தொடர்கதை என்னும் வடிவத்தின் சிறப்பு. இந்த வகைக் கதையில் யாரையும் தாண்டிப் போக முடியாது. பெயரை மறந்துபோன ஈயின் கதை நம் எல்லாருக்கும் தெரியும். கன்றிடம் கேட்டு, பசுவிடம் கேட்டு, மேய்ப்பவனிடம் கேட்டு, அவன் கைக்கோலிடம் கேட்டு, மரம், கொக்கு, குளம், மீன் என்று போய்க் கடைசியில் குதிரையிடம் பதில் கிடைக்கும். ஒவ்வோர் இடத்திலும் முதலிலிருந்து எல்லாரையும் வரிசையாகச் சொல்லித்தான் அடுத்த ஆளைச் சேர்க்கவேண்டும். நடுவில் கொக்கை விட்டுவிட்டால் கூட இருக்கும் பிள்ளைகள் விடமாட்டார்கள். "கொக்கை விட்டுட்டே!" என்று கத்துவார்கள். பாலர் பள்ளியிலேயே நம் குழந்தைகள் பாடும் 'பங்காவ் ஓ பங்காவ்' என்ற மலாய்ப் பாட்டும் அப்படித்தான். கொக்கு ஏன் மெலிந்தது என்று தொடங்கி, மீன், புல், எருமை, சோறு, விறகு, மழை, தவளை, பாம்பு என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டிக்கொண்டே போவார்கள்.

இப்படி ஒரு வரிசையின் குறுக்கே துணிந்து நின்ற ஒருவரின் கதை பௌத்த ஜாதகக் கதைகளில் இருக்கிறது. வில்வ மரத்தடியில் ஒரு முயல் படுத்திருக்கிறது. பூமி இடிந்து விழுந்தால் நான் எங்கே போவேன் என்று வேண்டாத யோசனை அதற்கு. அந்த நேரம் பார்த்து ஒரு பழம் பனங்குருத்து ஓலைமேல் தொப்பென்று விழுகிறது. முயல் எடுத்தது ஓட்டம். அதைப் பார்த்து மற்ற முயல்கள், அவற்றைப் பார்த்து மான்கள், பன்றிகள், எருமைகள், புலிகள், யானைகள் என்று காடே கடலை நோக்கி ஓடுகிறது. போதிசத்துவர், அதாவது முற்பிறவிப் புத்தர், ஒரு சிங்கமாக அங்கே இருக்கிறார். குறுக்கே நின்று மூன்று முறை கர்ஜிக்கிறார். எல்லாம் நின்றுவிடுகின்றன. "பூமி இடிவதை யார் பார்த்தது?" என்று கேட்கிறார். எனக்குத் தெரியாது, புலிக்குத் தெரியும் என்கிறது யானை. புலி அடுத்தவரைக் காட்டுகிறது. கடைசியில் முயல். அதைத் திட்டாமல், கேலி செய்யாமல், தன் முதுகில் ஏற்றிக்கொண்டு அந்த மரத்தடிக்கே போய்ப் பழத்தைக் காட்டிவிட்டு வருகிறார்.

சுலைமான் அரசர் கேட்டதும் சிங்கம் கேட்டதும் ஒரே கேள்விதான். குட்டிகள் செத்த பிறகு அரசர் கேட்டார், யாரும் சாவதற்கு முன்னே சிங்கம் கேட்டது. பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுக்க வேண்டியது இந்த முந்திக் கேட்கும் பழக்கம்தான். கேட்க ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் கதை உண்டு. ஒரு சொட்டுத் தேன் கடைத் தரையில் சிந்தி, ஈ, பூனை, நாய் என்று சண்டை வளர்ந்து, இரண்டு நாடுகள் போரிட்டு அழிந்த கதை ஆசியா முழுக்கப் பல வடிவங்களில் வழங்குகிறது. ஆர்மீனியக் கவிஞர் ஹோவன்னஸ் துமன்யான் 1909-இல் அதைக் கவிதையாகவே எழுதினார்.

சரி, கதைகள் இருக்கட்டும். காப்பாருக்கு வருவோம். நாம் இந்த ஊரில் தமிழில் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே, இதுவே ஒரு தொடர்கதையின் முடிவுதான்.

1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் காட்டிலிருந்து சற்றேறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்தவை ஏறத்தாழ 2,700. அடுத்த ஆண்டு, 1877-இல், சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை 22 நாற்றுகள். இருபத்திரண்டே இரண்டு. அவற்றின் வழித்தோன்றல்கள்தான் பின்னாளில் இந்த நாட்டின் மேற்குக் கரையை ரப்பர் மரங்கள் நிறைந்த கித்தாக் காடாக மாற்றின. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக 1888-இல் வந்த ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். பாடநூலில் விக்கம் இருக்கிறார், ரிட்லி இருக்கிறார். அதற்கப்புறம் ரப்பர் ஏற்றுமதி எண்ணிக்கை வந்துவிடும். விதை, விஞ்ஞானி, விலை என்று மூன்றே படியில் கதையை முடித்துவிடுவார்கள்.

நடுவில் விட்ட ஆள்கள் எத்தனை! கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்தான். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறினார்கள். பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹமிலும், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்திலும், இறங்கினார்கள். லயம் என்ற வரிசை வீடுகளில் குடியேறினார்கள். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு நின்றார்கள். மேற்பார்வை பார்க்கும் தண்டல் நிரை பிரித்துக் கொடுத்தான். உளியோடு ஒரு கூட்டம் பால் மரத்துக்குப் போனது. சாங்குல் என்ற மண்வெட்டியும் கத்தியுமாக இன்னொரு கூட்டம் வெளிக்காட்டு வேலைக்குப் போனது. கைப்பிள்ளைகள் ஆயக்கொட்டகையில் கிடந்தன. கொக்கை விட்டால் கத்துகிற பிள்ளைகள்போல, இவர்களை விட்டுவிட்டு ரப்பர் கதை சொல்பவர்களிடம் நாம்தான் கத்தவேண்டும்.

இதற்கு நம் காப்பாரிலேயே ஓர் அருமையான சான்று இருக்கிறது. வலம்புரோசா தோட்டம் உங்களுக்குத் தெரியும். அந்தப் பெயரில் தமிழ்ப்பள்ளியும் இருக்கிறது. வலம்புரோசா ரப்பர் கம்பெனியின் வரி வழக்கு ஒன்று 1910-இல் ஸ்காட்லாந்தில், எடின்பரோ உயர்மன்றத்தில் தீர்ப்பானது. விஷயம் இதுதான். ரப்பர் கன்று பால் கொடுக்க ஆறேழு ஆண்டு ஆகும். அந்த நேரத்தில் தோட்டத்தில் ஏழில் ஒரு பங்குதான் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. மீதி ஆறு பங்கும் இளங்கன்று. அந்த ஆறு பங்கிலும் புல் பிடுங்கவும் மேற்பார்வைக்கும் செலவான பணத்தை இந்த ஆண்டு வருமானத்தில் கழிக்க விடமாட்டேன் என்றார் வரி அதிகாரி. பால் வராத மரத்துக்குச் செய்த செலவு இந்த ஆண்டுக் கணக்கில் எப்படி வரும் என்பது அவர் வாதம்.

மன்றத் தலைவராக இருந்த டனிடின் பிரபு கம்பெனி பக்கம் தீர்ப்பளித்தார். அப்போது அவர் ஓர் அளவுகோலைச் சொன்னார். ஒரே தடவையோடு முடிந்துபோகும் செலவு மூலதனத்தைச் சேரும், ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் செலவு நடப்புக் கணக்கைச் சேரும் என்பது அதன் சாரம். புல் பிடுங்குவது இரண்டாவது வகை. இன்று பிடுங்கினால் நாளை முளைக்கும். இந்த அளவுகோலைப் பிரிட்டன், இந்தியா உள்ளிட்ட பல நாடுகளின் நீதிமன்றங்கள் பிறகு எடுத்துப் பேசியிருக்கின்றன. வரிச் சட்டம் படிக்கும் மாணவன் இன்றும் வலம்புரோசா என்ற பெயரைப் படிக்கிறான்.

யோசித்துப் பாருங்கள். காப்பார் வெயிலில் குனிந்து நிமிர்ந்து யாரோ புல் பிடுங்கியிருக்கிறார்கள். அந்தப் புல் எடின்பரோவுக்குப் போய், ஒரு நீதிபதியைச் சிந்திக்க வைத்து, உலகம் சுற்றியிருக்கிறது. இதைவிடச் சின்னச் செயல் ஏது, இதைவிடத் தொலைவு போன விளைவு ஏது? ஆனால் அந்த வழக்கில் பிரபுவின் பெயர் இருக்கிறது, கம்பெனியின் பெயர் இருக்கிறது, வரி அதிகாரியின் பெயரும் இருக்கிறது. புல் பிடுங்கிய கைகள் 'செலவு' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. நடுவில் நின்றவர்களுக்கு வரலாறு செய்வது இதுதான்.

நீர்நாய்க் கதையில் நடுவில் நின்றவர்கள் நிறுத்தியிருந்தால் நன்மை விளைந்திருக்கும். கித்தாக் காட்டுக் கதையில் நடுவில் நின்றவர்கள் நிறுத்தாமல் செய்ததால்தான் ஊரே உண்டாயிற்று. பாலர் பள்ளி, கோயில், சங்கம், படித்த பிள்ளை என்று நாம் இன்று காட்டும் எல்லாமே அந்த ஓயாத கைவேலையின் மிச்சம். சில வரிசைகளை அறுக்கவேண்டும், சிலவற்றை அறுந்துபோகாமல் காக்கவேண்டும். எதை அறுப்பது, எதைக் காப்பது என்று தெரிவதற்குத்தான் கேள்வி கேட்கும் பழக்கம்.

அறுத்தவர்களின் கதை ஒன்றும் நம் வட்டாரத்தில் நடந்தது. அந்தக் காலத்தில் தோட்டத்தில் துரையோ பெரிய கிராணியோ எதிரே வந்தால், சைக்கிளில் போகும் தொழிலாளி இறங்கி நிற்கவேண்டும். இறங்குவது சின்னச் செயல். ஒரு நிமிடம்கூட ஆகாது. முன்னால் போகிறவன் இறங்கினான், அதனால் நானும் இறங்கினேன் என்று எத்தனையோ பேர் இறங்கினார்கள். தலைமுறை கடந்து அது சட்டம்போல ஆகிவிட்டது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன்னின்று நடத்தினார். 'தமிழ் நேசன்' நாளிதழின் ஆசிரியர் குழுவில் இருந்தவர் அவர். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், மருத்துவ வசதி வேண்டும், கள்ளுக்கடை மூடவேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்கவேண்டும் என்ற கோரிக்கைகளின் நடுவே, துரைமார் முன்னால் சைக்கிளிலிருந்து இறங்கமாட்டோம் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது.

மே மாதத் தொடக்கத்தில் நாதனைக் கைது செய்தார்கள். போராட்டம் இன்னும் பரவியது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்துப் படையை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதனை நாடு கடத்திவிட்டார்கள். கூலி உயர்வு கேட்டதைப் புரிந்துகொள்ளலாம், சைக்கிளை ஏன் சேர்த்தார்கள் என்று அன்றே சிலர் வியந்திருக்கக் கூடும். நான் வியக்கவில்லை. கூலி சங்கம் பேசி வாங்குவது. சைக்கிளில் இருப்பவனோ தனியாக இருப்பான். இறங்குவதா, மிதித்துக்கொண்டே போவதா என்பதை அந்தச் செம்மண் பாதையில் அவனே முடிவு செய்யவேண்டும். நடுவில் நிற்பவனின் அதிகாரம் என்பது அதுதான்.

இனி நம் வாழ்நாளில் நடந்தது. 2005 ஆகஸ்ட் மாதம் நினைவிருக்கிறதா? ஆகஸ்ட் 11-ஆம் நாள் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் புகைமூட்ட அவசரநிலை அறிவித்தார்கள். காற்று மாசுக் குறியீடு 300-ஐத் தாண்டினாலே அபாயம். அன்று 500-ஐத் தாண்டியிருந்தது. அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இருப்பது நம் காப்பார். பள்ளிகளை மூடினார்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை வைத்துக்கொண்டு எத்தனை தாய்மார்கள் தவித்தீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

சுலைமான் அரசரைப் போல விசாரித்துப் பார்ப்போம். புகையே, ஏன் வந்தாய்? காற்று தள்ளியது, வந்தேன். சுமத்திரா காட்டில் தீ வைத்தார்கள், காற்று கொண்டுவந்தது. தீயே, ஏன் இத்தனை வாரம் அணையாமல் எரிந்தாய்? கரிச்சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டார்கள், காய்ந்த மண்ணே விறகாயிற்று, மண்ணுக்குள்ளேயே எரிந்தேன். நீரை ஏன் வடித்தீர்கள்? செம்பனை நடுவதற்கு. செம்பனை ஏன்? எண்ணெய்க்கு நல்ல விலை. யார் நட்டது? இந்தோனேசியச் சிறு விவசாயியும் உண்டு, பெரிய கம்பெனியும் உண்டு. அங்கே தோட்டம் வைத்திருந்தவர்களில் மலேசியக் கம்பெனிகளும் உண்டு. எண்ணெயை யார் வாங்குகிறார்கள்? சோப்பு, பிஸ்கட், பலகாரம் பொரிக்கும் சட்டி. இப்போது அரசர் திரும்பி முறையிட வந்த நம்மைப் பார்க்கிறார். நாம்தான் நீர்நாய்.

ஆனால் நான் அரைத் தீர்ப்பை ஏற்கவில்லை என்று முன்னமே சொன்னேன். எண்ணெய்ச் சட்டி வைத்திருக்கும் அம்மாதான் காரணம் என்று முடித்துவிட்டால் கால்வாய் வெட்டியவன் தப்பிவிடுவான், உரிமம் கொடுத்தவன் தப்பிவிடுவான், இலாபத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டவன் தப்பிவிடுவான். 2002-இல் ஆசியான் நாடுகள் எல்லை தாண்டிய புகைமூட்டத்துக்கு எதிராகக் கோலாலம்பூரில் ஒப்பந்தம் செய்தன. இந்தோனேசியா அதற்கு ஒப்புதல் கொடுத்தது 2014-இல். பன்னிரண்டு ஆண்டு. நடுவில் நிற்பவர்கள் கைகாட்டிக்கொண்டே நின்றால் எவ்வளவு காலம் போகும் என்பதற்கு இந்தக் கணக்குப் போதும்.

இனிப் பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, தொடர்கதையைச் சொல்லும்போது கடைசி நீதிக்கு ஓடாதீர்கள். நடுவில் நிறுத்துங்கள். "நீ ஆமையாக இருந்தால் என்ன செய்வாய்? பெலங்காஸிடம் என்ன கேட்பாய்?" என்று பிள்ளையைப் பேசவிடுங்கள். சின்னத் தப்பு உலகையே கவிழ்த்துவிடும் என்று பயமுறுத்தி வளர்த்த பிள்ளை தப்பை மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும். நடுவில் ஒருவர் நிறுத்தலாம் என்று தெரிந்த பிள்ளை, தன் தப்பையும் சொல்லும், அடுத்தவன் தப்பையும் மேலே போகவிடாது.

இரண்டாவது, நம் கையிலிருக்கும் தொலைபேசி. வாட்சாப்பில் வருவதைப் படிக்காமலே பத்துக் குழுவுக்குத் தட்டிவிடுகிறோமே, அந்த நேரத்தில் நாம்தான் மரங்கொத்தி. பழம் விழுந்த ஓசையை முயலிடமிருந்து வாங்கி மானிடம் கொடுக்கிறோம். பிள்ளை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும். "இதை யார் பார்த்தது? எங்கே நடந்தது?" என்று நீங்கள் வாய்விட்டுக் கேட்பதை அது ஒரு தடவை கேட்டாலும் போதும். ஜாதகக் கதையைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது வேண்டுகோள் இங்கே இருக்கும் தாத்தா பாட்டிமார்களுக்கு. உங்கள் குடும்பத்தின் தொடர்கதையைப் பேரப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், யார் அழைத்தார்கள், எங்கே இறங்கினார்கள், எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம், யார் பால் வெட்டினார், யார் புல் பிடுங்கினார், முதன்முதலில் பள்ளிக்குப் போனவர் யார், அவரை அனுப்ப யார் நகையை அடகு வைத்தார் என்று வரிசையாகச் சொல்லுங்கள். ஈயின் கதைபோல ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். அடகு வைத்த பாட்டியை விட்டுவிட்டால், "பாட்டியை விட்டுட்டே!" என்று நீங்கள் கத்துங்கள். பாடநூல் விட்டுவிட்ட பெயர்களை நாமும் விட்டுவிட்டால் சொல்வதற்கு வேறு ஆளில்லை.